கொச்சி யூதரின் வழிபாட்டுப் பொருட்களும் ரூபி டானியலின் நினைவுநூலும்

கடந்த தவணையில் உயர்தர வகுப்புக்கு நாட்டார் பாடல் படிப்பித்துக்கொண்டிருந்த நாட்களில், ஓர் ஆங்கிலப் புத்தகத்தையும் கைப்பையில் கொண்டு திரிந்தேன். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் நாலு பக்கம் வாசிப்பேன். ஒரு நாள் மேசையில் கிடந்த அதை மாணவி ஒருத்தி எடுத்துப் புரட்டிவிட்டுக் கேட்டாள்: "இது யூதர்ர புத்தகம்தானே டீச்சர்? உங்கட ஆக்கள் ஏசமாட்டாங்களா?"

நான் படிப்பிப்பது கொக்கட்டிச்சோலையில். வீடு எழுவான்கரையில். காலையில் மண்முனைப் பாலத்தால் படுவான்கரைக்கு வந்து, பின்னேரம் திரும்பிப் போகிறவள். அன்று பின்னேரம் வீட்டில் நானாவும் அதையே வேறு விதமாகக் கேட்டார்: "காஸாவுல புள்ளைகளக் கொல்றானுகள். நீ அவனுகள்ற பெருநாளையும் கலியாணப் பாட்டையும் படிச்சிக்கிட்டு இரிக்காய்."

இரண்டு பேருக்கும் அன்றைக்கு ஒழுங்கான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தக் கட்டுரையை அந்தப் பதிலாகவே எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'ரூபி ஆஃப் கொச்சின்'. ரூபி டானியல் என்ற யூதப் பெண்மணி, மானிடவியலாளர் பார்பரா ஜோன்சனோடு சேர்ந்து எழுதி, 1995இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ரூபி 1912இல் கொச்சியில், மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணிபுரிந்தவர். 1951இல் இஸ்ரேலுக்குப் போய், வட கலிலியில் ஒரு கூட்டுப் பண்ணையில் வாழ்ந்து 2002இல் காலமானவர். தன் தெருவின் பெருநாட்கள், வீடுகள், பாட்டிமார் சொன்ன கதைகள், பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுகள் எல்லாவற்றையும் முதிய வயதில் நினைவிலிருந்து எடுத்துச் சொல்கிறார்.

கொச்சி யூதரைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பங்கு பொருட்களைப் பற்றியது. 1568இல் கட்டப்பட்ட பரதேசிப் பள்ளிதான் எல்லோரும் முதலில் காட்டும் இடம். மலையாளத்தில் பள்ளிவாசலும் பள்ளி, தேவாலயமும் பள்ளி, யூதர் தொழுமிடமும் பள்ளி. 'பரதேசி' என்றால் நம் பக்கத்தில் ஏச்சு. அங்கே அது வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்ற நேர்ப்பொருளிலேயே நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தரையில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். எசக்கியேல் றகாபி என்ற பெருவணிகர் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து பதிப்பித்தவை. 1760இல் மணிக்கூட்டுக் கோபுரம் எழுப்பியவரும் அவரே. மேலே கண்ணாடிச் சரவிளக்குகளும் எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. நடுவில் பித்தளைக் கம்பி சுற்றிய மேடை. தோற்சுருளில் கையால் எழுதிய தவ்றாத், வெள்ளித் தகடு போர்த்த உருளைப் பேழைக்குள் இருக்கிறது. பேழையின் தலையில் பொன்முடி.

இவற்றைப் பற்றி எழுதுபவர்கள் ஆண்டைச் சொல்கிறார்கள், உலோகத்தைச் சொல்கிறார்கள், அன்பளித்த மன்னரைச் சொல்கிறார்கள். வாசித்து முடிந்ததும் கண் நிறைந்துபோகும். ஆனால் யார் அந்தப் பேழையைத் தூக்கினார்கள், யார் அதைத் தூக்க விடப்படவில்லை, பொன்முடியை யார் துலக்கினார்கள், விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றினார்கள் என்று கேட்டால் பதிலில்லை. ரூபியின் நூலுக்கு நான் தரும் முதல் மதிப்பு இதற்காகத்தான். அவர் பொருளைக் கையோடு சேர்த்துச் சொல்கிறார்.

ஸிம்ஹத் தோறா என்று அவர்களுக்கு ஒரு பெருநாள் உண்டு. தவ்றாத்தை வருடம் முழுக்கப் பகுதி பகுதியாக ஓதி முடித்து, அன்றே மறுபடி தொடங்குவார்கள். நாம் குர்ஆனைக் கத்தம் செய்து, உடனே பாத்திஹாவிலிருந்து ஆரம்பிப்பதைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். பேழைகளை ஏந்திச் சுற்றி வருவார்கள், பாடுவார்கள். கேரள யூதரின் ஆண்டில் மிகப் பெரிய கொண்டாட்டங்களில் இது ஒன்று. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பேழை, இந்த நாளில்தான் உயிர் பெறுகிறது. மனிதர் கைகளில் ஏறுகிறது.

யாருடைய கைகளில்? இங்கேதான் ரூபியின் நூல் கசக்கத் தொடங்குகிறது. பரதேசிப் பள்ளியைச் சேர்ந்தவர்களுக்குள்ளேயே வெள்ளை யூதர் என்றும், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் என்றும் பிரிவு இருந்தது. இந்த இரண்டாம் முத்திரை குத்தப்பட்ட குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவர் ரூபி. அதே தெரு, அதே ஹீப்றூ, அதே நோன்பு, அதே சபாத் விளக்கு. ஆனால் பள்ளிக்குள் இருக்கைகளில் அவர்கள் அமர முடியாது. முன்கூடத்துத் தரையில்தான் இடம். தவ்றாத் ஓத அவர்களை அழைக்கமாட்டார்கள். திருமண உறவு கிடையவே கிடையாது.

அவர்களிலிருந்து எழுந்தவர் ஏ. பி. சலீம் (1882-1967). சட்டம் படித்த வழக்கறிஞர், காங்கிரஸ்காரர். 'யூத காந்தி' என்று பேர் வாங்கியவர். வெளியே வெள்ளைக்காரனுக்கு எதிராகச் செய்த சத்தியாக்கிரகத்தைத் தன் பள்ளிக்குள்ளும் செய்தார். உரிமைகள் ஒன்றொன்றாக, வருடக்கணக்கில் தவணை முறையில் கிடைத்தன. அவருடைய மகனுக்கும் ஒரு வெள்ளை யூதக் குடும்பப் பெண்ணுக்கும் 1950இல் திருமணம் நடந்தபோது அந்தச் சின்னத் தெரு கொந்தளித்தது. ஒரு சில வருடங்களில் சமூகத்தின் பெரும்பகுதி கப்பலேறிப் போய்விட்டது. சமத்துவம் வந்து சேர்ந்த நேரத்தில் சமமாக உட்கார ஆளில்லை. பொன்முடியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டால், அவர்கள் எழுதியது அரைவாசிதான்.

இந்தப் பிரிவினையின் வேரைத் தேடினால் இன்னொரு பொருளில் போய் முட்டவேண்டியிருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு அது நெருக்கமான பொருள். கி.பி. 1000 அளவில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு றப்பான் என்ற யூத வணிகத் தலைவனுக்குக் கொடுத்த செப்பேடு பரதேசிப் பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வந்தது. எழுத்து வட்டெழுத்து. மொழி, மலையாளம் தமிழிலிருந்து பிரிந்துகொண்டிருந்த காலத்து மேற்குக்கரை மொழி. வரி விலக்கோடு பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், தோரணம் என்று அதில் வரும் உரிமைகளின் பெயர்களை என் மாணவர்களிடம் வாசித்துக் காட்டினால் பாதிக்கு மேல் விளங்கிக்கொள்வார்கள். ஏனென்றால் மட்டக்களப்பில் நிலபாவாடை விரிப்பதும் மேற்கட்டி கட்டுவதும் யாருக்கு உரிய வரிசை என்பது, நேற்று வரைக்கும் வாய்ச்சண்டைக்கும் வழக்குக்கும் போன விஷயம்.

அந்தச் செப்பேட்டில் றப்பானுக்குக் கொடுக்கப்பட்டது 'அஞ்சுவண்ணம்'. மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழுவைக் குறித்த சொல் அது. அதே சொல் நமக்கும் சொந்தம். உவைஸ் அவர்களின் இலக்கிய வரலாற்றைப் படித்தவர்களுக்கு, இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் முதல் நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையின் எஞ்சிய செய்யுட்களில் அஞ்சுவண்ணத்தார் வருவது தெரியும். தக்கலையில் பீர் முகம்மது அப்பாவின் பெயரோடு அஞ்சுவண்ணம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடலைக் கடந்து வந்த யூதரையும் முஸ்லிமையும் ஒரே பெயரால் இந்தக் கரை அழைத்திருக்கிறது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. குடையும் விளக்கும் ஒருவருக்கு வரிசையாகக் கொடுக்கப்படும்போது, அவை இல்லாத இன்னொருவர் அங்கேயே உண்டாகிவிடுகிறார். றப்பானுக்குக் கிடைத்த கௌரவத்துக்கும் ரூபியின் குடும்பம் தரையில் உட்கார்ந்ததற்கும் நடுவில் ஒன்பது நூற்றாண்டு இருக்கலாம். ஆனால் வரிசை என்ற எண்ணம் ஒன்றுதான். வெளியிலிருந்து வந்தவர்கள் இந்த மண்ணில் கௌரவம் பெற்றபோது, இந்த மண்ணின் மேல் கீழையும் சேர்த்தே பெற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் யூதரைக் குறை சொல்லிவிட்டுப் போவது எனக்கு மிக எளிது. எங்கள் கிழக்கிலே குடி உண்டு. தாய் வழியாக வரும் குடி. அந்நாளில் பள்ளிவாசல் மரைக்காயர்மாரைக் குடிவாரியாகத்தான் வைத்தார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவிலும் குடி முறைதான். அந்த வகையில் வாவியின் இரண்டு கரையும் ஒன்று. தொழுகைக்கு நின்றால் ஒரே ஸஃப், அல்ஹம்துலில்லாஹ். அதில் யாரும் யாரையும் பின்னுக்குத் தள்ள முடியாது. ரூபிக்குக் கிடைக்காத அந்தச் சமத்துவத்தை அல்லாஹ் நமக்குக் கடமையாகவே தந்திருக்கிறான். ஆனால் பள்ளியை விட்டு வெளியே வந்தால்? பிள்ளைக்குச் சுன்னத்து என்றால் ஒஸ்தா மாமா வேண்டும். அவர் வீட்டில் சம்பந்தம் பேசலாமா என்று கேட்டால் கதையை மாற்றிவிடுவோம். அவருடைய கத்தியும் கிண்ணமும் நம்முடைய மார்க்கச் சடங்கின் பொருட்கள்தானே? நாளைக்கு யாராவது கிழக்கு முஸ்லிம்களுக்கென்று ஒரு காட்சிச்சாலை வைத்தால், அந்தக் கத்திக்குப் பக்கத்தில் இதையும் எழுதுவார்களா? ரூபியை வாசித்தபோது என்னை நெருடிய கேள்வி இது.

நூலின் இன்னொரு பலம் பெண்கள். பள்ளியில் பெண்களுக்கு மாடி. ஆனால் பெருநாட்களைத் தாங்கி நின்றது வீடு. பஸ்கா வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே வீட்டைக் கழுவித் துடைத்து, அந்த நாட்களுக்கென்றே தனியாக வைத்த பாத்திரங்களை இறக்கவேண்டும். சபாத்துக்கு முந்திரிவற்றலை ஊறவைத்துக் கிண்ணத்துக்குரிய பானம் செய்யவேண்டும். நோன்பு வருமுன் பாய் தலையணை கழுவி, அடுக்களையை ஒழுங்கு பண்ணி முதுகு ஒடிந்த உம்மாமாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. வெள்ளிக் கிண்ணம் ஆணின் கையில் ஏறும் ஒரு நிமிடத்துக்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஒரு கிழமை இருக்கிறது.

அந்தப் பெண்கள் மலையாளத்தில் பாடினார்கள். கலியாணத்துக்கு, பெருநாளுக்கு, நபிமார் கதைகளுக்கு. பாட்டுகளைக் கொப்பிகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்தார்கள். என் கணிப்பில், கொச்சி யூதரின் வழிபாட்டுப் பொருட்களிலே தலையாயது பொன்முடியல்ல, இந்தக் கொப்பிதான். மணமகன் மணமகளுக்குத் தாலி கட்டும் வழக்கமும் அவர்களிடம் இருந்தது. கிழக்கு முஸ்லிம்களிடமும் தாலி இருந்தது, குரவை இருந்தது. இன்று பல வீடுகளில் இரண்டும் குறைந்துவிட்டன. இது சரியா பிழையா என்ற மார்க்க விவாதத்துக்குள் நான் போகவில்லை. எழுதி வைக்காமல் விட்டது மட்டும் பிழை. அவர்கள் கொப்பியில் எழுதினார்கள். நம் மூத்தம்மாமார் பாடிய கவிகளில் எத்தனை மையவாடிக்குப் போயிருக்கும்!

இனி நூலின் குறைகள். முதலாவது, பாட்டுகள் ஆங்கிலத்தில் இருப்பது. கருத்து வருகிறது, ஓசை வரவில்லை. மலையாளச் சொல்லின் அடியில் தமிழ் ஓடுவதைக் கேட்கக்கூடிய நமக்கு இது பெரிய இழப்பு. பின்னாளில் ஸ்கறியா சக்கறியாவும் ஒஃபிரா கம்லியேலும் மூல மலையாளத்தோடு பதிப்பித்த தொகுப்பின் தலைப்பு 'கார்குழலி'. அந்த ஒரு சொல்லே போதும், அந்தப் பாட்டுகள் நமக்கு எவ்வளவு பக்கத்தில் என்பதற்கு. தமிழ் எழுத்தில் அவற்றைக் கொண்டுவர யாராவது முன்வரவேண்டும்.

இரண்டாவது, ஐதீகமும் வரலாறும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கின்றன. பாட்டி சொன்ன கதைக்கும் செப்பேட்டுக்கும் ஒரே குரல். நினைவுநூலுக்கு அது அழகுதான். ஆய்வுக்கு எடுப்பவர்கள் பிரித்து எடுக்கவேண்டும். நம் மட்டக்களப்பு மான்மியத்தை வாசிக்கும் எச்சரிக்கை இதற்கும் தேவை.

மூன்றாவது, நானாவின் கேள்வி. ரூபி போய்க் குடியேறிய நெயோத் மொர்தெகாய் பண்ணை ஹூலாப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1948இல் அந்தப் பள்ளத்தாக்கின் பலஸ்தீனக் கிராமங்கள் காலியாக்கப்பட்டன. அல்காலிஸா என்ற கிராமம் இருந்த இடத்தில்தான் இன்று கிர்யத் ஷ்மோனா நகரம் நிற்கிறது. மட்டாஞ்சேரியின் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கை தேடும் வாசகி, ஹூலாவில் விட்டுவிட்டுப் போகப்பட்ட கிண்ணங்களுக்கும் கை தேடவேண்டும். பலஸ்தீனர் இன்றைக்கும் பேணிவைத்திருக்கும் வீட்டுச் சாவிகள், என் கண்ணில், வழிபாட்டுப் பொருட்களைவிடக் குறைந்தவையல்ல. ரூபி எழுதியது தன் தெருவின் கதையை. அந்தப் பள்ளத்தாக்கின் கதையை எழுதவேண்டியவர்கள் வேறு. ஆனால் ஒன்றை வாசிக்கும்போது மற்றதை மறக்கக்கூடாது. மட்டாஞ்சேரியின் இன்னொரு பள்ளியான கடவும்பாகம் பள்ளி 1544இல் கட்டப்பட்டது. அதன் உள்ளலங்காரம் முழுக்கக் கழற்றிக் கொண்டுபோகப்பட்டு, 1995இல் ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. செதுக்கிய மரமும் நிறமும் அங்கே பத்திரம். கொச்சியில் மிஞ்சிய கட்டடம் 2019இல் இடிந்து விழுந்தது. பொருளைக் காப்பாற்றுவதும் இடத்தைக் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி?

இடத்தோடு நின்றவர்களும் உண்டு. யூதத் தெருவில் கைப்பின்னல் கடை வைத்திருந்த சாறா கோகன் 2019இல், 96 வயதில் காலமானார். சபாத் ரொட்டிக்கு மூடும் துணியும் தொழுகைத் தொப்பியும் தைத்தவர். முதுமையில் அவரைப் பார்த்துக்கொண்டதும், பின்னர் கடையையும் பொருட்களையும் பேணியதும் ஒரு முஸ்லிம். பத்திரிகைகள் இதை அதிசயமாக எழுதின. எனக்கு அதிசயமாகப் படவில்லை. காரணம் சொல்கிறேன்.

வாப்பாவுக்குப் படுவான்கரையில் வயல் இருந்தது. முல்லைக்காரராக இருந்தவர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தமிழர். வாடியில் வாப்பா ஒரு பித்தளைக் கொத்து வைத்திருந்தார். பெருநாளைக்கு ஃபித்றா அரிசி அளப்பது அதில்தான். 1990இல் எல்லாம் குழம்பியது. ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிகளில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு எங்கள் ஆட்கள் வயலுக்குப் போகவில்லை. அடுத்த வருடம் ஜூனில் கொக்கட்டிச்சோலையில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு கரையிலும் மையித்து. வாவியில் பாதை ஓடினாலும் எங்களுக்குப் பாதை இல்லை.

சமாதான காலத்தில், 2003இல், வாப்பாவும் நானும் பாதையேறி அந்த வீட்டுக்குப் போனோம். முல்லைக்காரர் மௌத்தாகியிருந்தார். அவருடைய மனைவி உள்ளே போய், சீலைத் துண்டில் சுற்றிய கொத்தைக் கொண்டுவந்து வைத்தார். "போடியார், இது ஒங்கட நோன்புப் பெருநாளுக்கு அளக்கிற கொத்தெண்டு அவர் சொல்லுவார். நாங்க புழங்கல்ல." அந்த வருடங்களில் அந்த வீட்டில் அளக்க அரிசியே இல்லாத நாட்கள் எத்தனை இருந்திருக்கும் என்பதை வாப்பா கேட்கவில்லை. வயலை அடுத்த போகம் அந்த வீட்டுக்கே செய்யக் கொடுத்தார். கொத்து இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் யாருடைய பெயரும் வெட்டியிருக்கவில்லை.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது யூதர்கள் ஆஷுறா நோன்பு நோற்பதைக் கண்டார்கள். ஏன் என்று கேட்டார்கள். மூஸா (அலை) அவர்கள் காப்பாற்றப்பட்ட நாள் என்ற பதிலைக் கேட்டு, மூஸாவுக்கு நாமே அதிகம் உரித்துடையோர் என்று சொல்லித் தாமும் நோற்றார்கள். முதலில் கேட்டார்கள் என்பதை நான் கவனிக்கிறேன். நானாவுக்கு என் பதில் அதுதான்: காஸாவில் கொல்லுகிறவனுக்கு எதிராகத் துஆக் கேட்கிற அதே நாவால், மட்டாஞ்சேரியில் முன்கூடத்துத் தரையில் உட்கார்த்தப்பட்ட ஒரு பிள்ளையின் கதையையும் கேட்கலாம். ஒன்று மற்றதைக் குறைக்காது.

மாணவிக்கு வேறு பதில் சொன்னேன். புத்தகத்தைப் பற்றி ஒரு பாடவேளை பேசிவிட்டு, வகுப்பு முழுவதற்கும் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலிருக்கும் சடங்குப் பொருள் ஒன்றை எடுத்து, அதைச் செய்தவர், துலக்குபவர், முதலில் தொடுபவர், தொடக்கூடாதென்று தடுக்கப்பட்டவர் என நாலு கேள்விக்கும் எழுதிவரச் சொன்னேன். முதல் மூன்றுக்கும் எல்லோரும் எழுதிவந்தார்கள். நாலாவதுக்குப் பலருடைய கொப்பியில் வெற்றிடம். "அம்மம்மாக்குத் தெரியும் டீச்சர், சொல்லமாட்டாவாம்" என்றாள் அதே மாணவி.

நம் வீடுகளிலும் அந்த நாலாவது கேள்விக்கு விடை தெரிந்த மூத்தம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வட்டா, படிக்கம், ஒஸ்தாவின் கிண்ணம் எதுவானாலும் சரி, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம்.